லூசியானா மாநிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களுள் ஒன்றான லூசியானாவில் சில ஆண்டுகள் வசித்தவன் என்பதால், ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே மாதிரியான ஐயங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி அலுத்துப்போன பிறகு, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து எழுதியிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன. ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருக்கிறேன்.

1. லூசியானா அமெரிக்காவில் எந்தப் பக்கம் இருக்கிறது? நியூ ஆர்லியன்ஸ்தானே தலைநகரம்?

மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில், மேற்கே டெக்சாஸ், வடக்கே ஆர்கன்சா, கிழக்கே மிசிசிப்பி ஆகிய மாநிலங்களை எல்லையாகக் கொண்டு லூசியானா அமைந்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 1,35,000 சதுர கிலோமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகமாகத் தண்ணீர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 46.5 லட்சம். மாநிலத்தின் மிக உயரமான இடமான டிரிஸ்கில் மலையின் உயரமே 163 மீட்டர்தான். அதை மலை என்று அழைப்பது உள்ளூர்க்காரர்களின் தாராள மனம்.

தலைநகரம் பேட்டன் ரூஜ். ‘சிவப்புக் கம்பு’ என்பது அதன் பொருள். 1699இல் ஆற்றுவழியாக வந்த பிரெஞ்சுக்காரர்கள், இரண்டு பழங்குடிகளின் வேட்டை நிலங்களைப் பிரிக்கும் எல்லையாக நடப்பட்டிருந்த செந்நிறக் கம்பத்தைக் கண்டு வைத்த பெயர் அது. வரைபடத்தில் இந்த மாநிலம் ஒரு பூட்ஸ் காலணியைப் போலத் தெரியும். அந்த வடிவத்தை நம்பலாமா என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

2. பெயரே பிரெஞ்சுப் பெயர் மாதிரி இருக்கிறதே, அங்கே முதலில் இருந்தவர்கள் யார்?

வடகிழக்குப் பகுதியில் பாவர்ட்டி பாயிண்ட் என்னுமிடத்தில், ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் கூடைகூடையாக மண் சுமந்து கட்டப்பட்ட பெரும் மேடுகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் பயிர்செய்தவர்கள் அல்லர். வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். 2014இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பிற்காலத்தில் இந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் சாக்டா, ஹூமா, சிட்டிமாச்சா, காடோ முதலிய மக்கள். தேங்கிக் கிடப்பதுபோல் மெதுவாக ஓடும் நீரோடைக்கு லூசியானாவில் வழங்கும் ‘பாயூ’ என்ற சொல் சாக்டா மொழியிலிருந்து வந்தது.

1682 ஏப்ரல் 9 அன்று மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்த லா சால் என்ற பிரெஞ்சுக்காரர், ஆற்றுப்படுகை முழுவதையும் மன்னர் பதினான்காம் லூயியின் பெயரால் உரிமை கொண்டாடினார். 1718இல் பியன்வில் என்பவர் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவினார். நமக்கு ஒட்டிய செய்தி ஒன்று உண்டு. 1719இல் பிரான்சின் வணிக நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டபோது உருவான இந்தியக் கம்பெனிதான் 1731 வரை லூசியானாவையும் நிர்வகித்தது, புதுச்சேரியையும் நிர்வகித்தது. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய ஏழாண்டுப் போரின் முடிவில், 1763ஆம் ஆண்டுப் பாரீஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சிடம் திருப்பித் தந்தது. லூசியானாவின் கிழக்குப் பகுதியை இங்கிலாந்துக்குக் கொடுத்தது. நியூ ஆர்லியன்சும் மேற்குப் பகுதியும் அதற்கு முந்தைய ஆண்டே இரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன.

3. 1803இல் அமெரிக்கா லூசியானாவை விலைக்கு வாங்கியது என்று படித்தோமே, இந்த ஒரு மாநிலத்துக்கா அவ்வளவு விலை?

இல்லை. அன்று விற்கப்பட்ட ‘லூசியானா’ ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய 15 மாநிலங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அதற்குள் அடங்கும். விலை 1.5 கோடி டாலர். ஸ்பெயினிடமிருந்து 1800இல் இந்நிலத்தைத் திரும்பப் பெற்ற நெப்போலியன், கரும்பு விளையும் ஹெய்ட்டித் தீவில் அடிமைகளின் புரட்சியை அடக்க அனுப்பிய படை அழிந்த பிறகு, அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு அமைக்கும் எண்ணத்தையே கைவிட்டார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் கிடைத்தால் போதும் என்று போன அமெரிக்கத் தூதர்களின் கையில் அரைக் கண்டம் வந்து விழுந்தது.

விற்கப்பட்டது நிலமா என்பதே ஒரு கேள்வி. அந்தப் பரப்பின் பெரும்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் கால் வைத்ததுகூட இல்லை. அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களை யாரும் கேட்கவும் இல்லை. பிற ஐரோப்பியர் குறுக்கே வராமல் அம்மக்களிடமிருந்து நிலத்தைப் பெறும் உரிமைதான் கைமாறியது என்று சொல்வது சரியாக இருக்கும். அந்தப் பரப்பின் தென்முனைப் பகுதி, 1812 ஏப்ரல் 30 அன்று 18ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது.

4. நியூ ஆர்லியன்சின் பிரெஞ்சுக் குடியிருப்பு, பிரான்சில் இருக்கும் ஊர்போலவே இருக்குமாமே?

இரும்புப் பூவேலை செய்த மாடங்கள், நடுவே முற்றம், தெருவை ஒட்டிய கனத்த சுவர்கள் என்று அங்கே பார்ப்பவற்றில் பெரும்பகுதி ஸ்பானிய ஆட்சியிலும் அதற்குப் பின்னரும் வந்தவை. 1788இல் ஒரு பெருந்தீ, 1794இல் இன்னொன்று. முதல் தீயில் மட்டும் 856 கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் ஸ்பானிய நிர்வாகம் செங்கல், ஓடு என்று விதி வகுத்துக் கட்டவைத்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து பிழைத்து நிற்கும் பெரிய கட்டடம், 1753இல் கட்டி முடிக்கப்பட்ட அர்சுலைன் கன்னிமாடம்.

5. மற்ற மாநிலங்களில் மாவட்டத்தைக் கவுண்டி என்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் பாரிஷ்? நெப்போலியன் சட்டம் இன்னும் நடக்கிறதா?

பாரிஷ் என்பது கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி. தேவாலயப் பங்குகளின் எல்லைகளே நிர்வாக எல்லைகளாக மாறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று 64 பாரிஷ்கள் இருக்கின்றன.

நெப்போலியன் சட்டம் என்பது தவறான வழக்கு. நெப்போலியன் லூசியானாவை விற்றது 1803இல்; அவருடைய சட்டத்தொகுப்பு வெளிவந்தது 1804இல். ஆகவே அந்தத் தொகுப்பு லூசியானாவில் ஒரு நாள்கூட நடைமுறையில் இருந்ததில்லை. 1808இலும் 1825இலும் உள்ளூரில் தொகுக்கப்பட்ட உரிமையியல் சட்டங்கள் அதை மாதிரியாகக் கொண்டு, ஸ்பானியச் சட்டத்தையும் கலந்து எழுதப்பட்டவை. மற்ற 49 மாநிலங்களும் முந்தைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்ளும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் நிற்க, சொத்து, வாரிசுரிமை, ஒப்பந்தம் ஆகியவற்றில் லூசியானா மட்டும் இன்றும் தொகுப்புச் சட்ட வழியில் நடக்கிறது. எடுத்துக்காட்டாக, 24 வயது நிரம்பாத பிள்ளைகளையும், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளைகளையும், தகுந்த காரணமின்றி உயிலில் ஒரேயடியாக விலக்கிவிட முடியாது. குற்றவியல் சட்டம் மட்டும் ஏனைய மாநிலங்களின் வழியையே பின்பற்றுகிறது.

6. கேஜன், கிரியோல் என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, ஆனால் உணவக விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டன. கேஜன் என்பது ‘அக்கேடியன்’ என்ற சொல்லின் சிதைவு. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு உழவர்களை ஆங்கிலேயர் 1755 முதல் வெளியேற்றினர். பல நாடுகளில் அலைந்து 1764 தொடங்கி அவர்களில் ஒரு பகுதியினர் லூசியானா வந்து சேர்ந்தனர். 1785இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்தனர். அவர்கள் குடியேறியது தென்மேற்குப் புல்வெளிகளிலும் பாயூக் கரைகளிலும். நியூ ஆர்லியன்ஸ் நகரம் அவர்களுடைய ஊரன்று.

கிரியோல் என்பதற்கு ‘இந்த மண்ணில் பிறந்தது’ என்று பொருள். முதலில் அது ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறக்காமல் இங்கேயே பிறந்த எவரையும் குறித்தது. பிற்பாடு வெள்ளையர் தமக்கு மட்டுமே அது உரியது என்றனர். இன்று பெரும்பாலும் கலப்பு மரபுடைய கறுப்பினக் கத்தோலிக்கச் சமூகத்தைக் குறிக்கிறது. அங்கே சந்தையில் ‘கிரியோல் தக்காளி’ என்று விற்பார்கள். முதல்முறை அந்தப் பலகையைப் பார்த்தபோதுதான் சொல்லின் பொருள் எனக்கு உறைத்தது: நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி என்கிறோமே, அந்த ‘நாட்டு’தான் இது.

7. இப்போதும் பிரெஞ்சு பேசுகிறார்களா?

பேசுபவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். 1921ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழி என்றது. வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் அறியாத குழந்தைகள், வகுப்பில் ஒரு சொல் தவறிப் பேசினாலும் முழந்தாளிட வைக்கப்பட்டார்கள். ‘பிரெஞ்சு பேசமாட்டேன்’ என்று பலகை நிறைய எழுதவைக்கப்பட்டார்கள். தாங்கள் பட்ட அவமானம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அந்தத் தலைமுறை வீட்டிலும் வாயை மூடிக்கொண்டது. மொழியை மீட்க 1968இல் அரசே ஒரு மன்றம் அமைத்தது. இன்று முழுப்பாடமும் பிரெஞ்சில் நடக்கும் பள்ளிகள் உள்ளன. இதனின்று வேறான, ஆப்பிரிக்க அடிமைகளிடையே உருவான கூரி-வினி என்ற கிரியோல் மொழியும் சில ஆயிரம் பேரிடம் எஞ்சியிருக்கிறது.

அன்றாடப் பேச்சில் சில சொற்கள் நிலைத்துவிட்டன. கடையில் வாங்கியதற்கு மேல் கொசுறாகத் தருவதற்கு ‘லான்யாப்’ என்று பெயர். தென்னமெரிக்கக் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்து, பிரெஞ்சு எழுத்தில் குடியேறிய சொல் அது.

8. கம்போ என்பது நம் ஊர்க் குழம்பு மாதிரியா? வெண்டைக்காய் போடுவார்களாமே?

அந்தப் பெயரே வெண்டைக்காய்தான். அங்கோலாப் பகுதியின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு ‘கிங்கோம்போ’ என்று பெயர். பிரெஞ்சில் அது ‘கோம்போ’ ஆயிற்று. ஆப்பிரிக்க வெண்டைக்காய், சாக்டா மக்கள் விற்ற சாசஃப்ராஸ் இலைத்தூளான ஃபீலே, பிரெஞ்சுக்காரர் மாவு வறுக்கும் முறை ஆகிய மூன்றும் ஒரே சட்டியில் கூடியதால் இந்த உணவு உருவானது. வெண்டைக்காயோ ஃபீலேயோ குழைவுக்காகச் சேர்க்கப்படுகிறது. சோற்றின்மேல் ஊற்றி உண்பதால் நம்மவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

கை நோகும் வேலை, ‘ரூ’ எனப்படும் மாவுக் கலவைதான். சம அளவு எண்ணெயும் மைதாவும் கனமான இரும்புச் சட்டியில் இட்டு, சிறுதீயில் முக்கால் மணிநேரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை மணல் நிறமாகி, வேர்க்கடலை நிறமாகி, கடைசியில் சாக்லேட் நிறத்துக்கு வரும்போது வறுத்த பருப்பின் மணம் எழும். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்தால் தொலைந்தது. ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். பதம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் போட்டுச் சூட்டைத் தணிப்பார்கள். நகரத்து கிரியோல் வீடுகளில் தக்காளி சேர்ப்பதுண்டு. கேஜன் வீட்டில் அதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். இதற்குமேல் ஓர் ஆறுதல்: நியூ ஆர்லியன்ஸ் காப்பியிலும் சிக்கரி கலப்பார்கள்.

9. மார்டி கிரா என்பது கிறிஸ்தவப் பண்டிகையா, வெறும் குடிக் கொண்டாட்டமா?

நாட்காட்டி திருச்சபையினுடையது, கொண்டாட்டம் ஊருடையது. ஜனவரி 6 தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம் பிறக்கும் சாம்பல் புதனுக்கு முந்திய செவ்வாயன்று முடிகிறது. அலங்கார வண்டிகளுடன் ஊர்வலம் நடத்துபவை ‘க்ரூ’ எனப்படும் சங்கங்கள். முதலாவதான கோமஸ் 1857இல் தொடங்கியது, ஊதா, பச்சை, பொன் நிறங்களைத் தந்த ரெக்ஸ் 1872இல் வந்தது. செலவு உறுப்பினர்களுடையது, நியூ ஆர்லியன்சில் வண்டிகளில் வணிக விளம்பரம் கூடாது. பழைய சங்கங்கள் வெகுகாலம் வெள்ளையர் மட்டுமே சேரக்கூடியவையாக இருந்தன. இனப்பாகுபாடு கூடாது என்று 1990களின் தொடக்கத்தில் மாநகர மன்றம் விதித்தபோது, கோமஸ் விதியை ஏற்பதைவிட ஊர்வலத்தை நிறுத்திக்கொள்வதே மேல் என்று முடிவு செய்தது.

வண்டிகளிலிருந்து வீசப்படும் பிளாஸ்டிக் மணிமாலைகள் எங்கே போகின்றன என்று கேட்பவர்களுக்கு: மழைநீர் வடிகால்களைத் தூர்வாரியபோது, ஒரே சாலையின் ஐந்து தெருத் தொலைவில் மட்டும் சுமார் 42 டன் மணிமாலைகள் கிடைத்ததாக 2018இல் மாநகராட்சி அறிவித்தது. நாட்டுப்புறக் கேஜன் ஊர்களில் இந்த வண்டிகளே கிடையாது. முகமூடியணிந்தவர்கள் குதிரையேறி வீடுவீடாகக் கம்போவுக்குப் பொருள் கேட்டு, அவிழ்த்துவிட்ட கோழியைச் சேற்றில் விழுந்து புரண்டு துரத்திப் பிடிப்பார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

10. ஜாஸ் ஏன் அங்கே பிறந்தது? வேறு ஊரில் பிறந்திருக்கக் கூடாதா?

அடிமைகள் தங்கள் மேளங்களைத் தட்டுவதை அமெரிக்காவின் பல பகுதிகளில் தடைசெய்திருந்தபோது, நியூ ஆர்லியன்சில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காங்கோ சதுக்கத்தில் கூடி ஆடிப்பாட முடிந்தது. 1817இல் மாநகரம் அந்த ஒரே இடத்துக்குள் கூட்டங்களை அடக்கியது, ஆனால் நிறுத்தவில்லை. மறுபுறம், இசைப் பயிற்சி பெற்ற கிரியோல் குடும்பங்கள் கிளாரினெட்டும் வயலினும் குறிப்பு பார்த்து வாசித்தன. 1890களில் இனப்பிரிவினைச் சட்டங்கள் இவ்விரு சமூகத்தாரையும் ஒரே பக்கத்தில் தள்ளியபோது, காதால் கற்ற இசையும் ஏட்டால் கற்ற இசையும் ஒரே மேடைக்கு வந்தன. சாவு ஊர்வலங்களுக்கும் சங்க ஊர்வலங்களுக்கும் பித்தளை வாத்தியக் குழுக்கள் எப்போதும் தேவைப்பட்டதால் பிழைப்பும் இருந்தது.

முன்னோடி என்று எல்லோரும் ஒப்பும் பட்டி போல்டனின் வாசிப்பு ஒன்றுகூட ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை. 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், சிறுவனாக இருந்தபோது புத்தாண்டு இரவில் துப்பாக்கி சுட்டதற்காகச் சீர்திருத்த இல்லத்தில் வைக்கப்பட்டு, அங்கே கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிப்பதில் தேர்ந்தார். உலகப் புகழ் பெற்ற பிறகும், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊரில் வாசிக்க மறுத்தார், 1965இல்தான் திரும்பினார்.

11. மாநிலம் முழுக்க இப்படித்தானா?

அல்ல. நான் மேலே சொன்ன கம்போ, கத்தோலிக்கம், பிரெஞ்சு எல்லாம் தெற்குக்கு உரியவை. ஷ்ரீவ்போர்ட், மன்ரோ போன்ற வட நகரங்கள் பைன் காடும் பருத்தியும் பாப்டிஸ்ட் தேவாலயங்களும் சூழ்ந்தவை. பேச்சிலும் உணவிலும் ஆர்கன்சாவுக்கே நெருக்கம்.

12. பிரெஞ்சு ஆட்சியில் அடிமைகள் ஓரளவு நன்றாக நடத்தப்பட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

1724ஆம் ஆண்டுக் கறுப்புச் சட்டம் அடிமைகளுக்கு ஞாயிறு விடுப்பும் திருமுழுக்கும் வேண்டும் என்றது. அதே சட்டம்தான் தப்பியோடியவரின் காதை அறுக்கவும் சூடு வைக்கவும் அனுமதித்தது. ஸ்பானிய ஆட்சியில் தம் விலையைத் தாமே செலுத்தி விடுதலை பெறும் உரிமை இருந்தது. அதனால் சுதந்திரமான கறுப்பினச் சமூகம் நகரில் வளர்ந்தது. அதன் வளர்ச்சியைக் கண்டு எரிச்சலுற்ற ஆளுநர், 1786இல் அச்சமூகத்துப் பெண்கள் கூந்தலைத் துணியால் மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் பளிச்சென்ற துணிகளை அழகழகாகச் சுற்றி அந்த ஆணையையே அலங்காரமாக்கினர். நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய மெட்ராஸ் கட்டம்போட்ட துணியும் அந்தத் தலைக்கட்டுகளில் இருந்தது. ஆனால் இந்த நகரத்துக் காட்சியை வைத்துக் கரும்புத் தோட்டங்களை எடைபோடக் கூடாது.

1795இல் கரும்புச்சாற்றைச் சர்க்கரையாக உறைய வைக்கும் முறை கைகூடியதும் தோட்டங்கள் பெருகின. பனி விழுமுன் வெட்டி அரைத்தாக வேண்டும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவுபகலாக ஓடின. 1811 ஜனவரி 8 அன்று சார்ல்ஸ் டெலாண்ட் என்பவரின் தலைமையில் ஆற்றோரத் தோட்டங்களிலிருந்து கிளம்பிய அடிமைகள் நியூ ஆர்லியன்சை நோக்கி அணிவகுத்தனர். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அடிமை எழுச்சி அது. இரண்டே நாளில் நசுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் தலைகள் ஆற்றங்கரை நெடுகிலும் கம்பங்களில் செருகப்பட்டன. 1860 கணக்கெடுப்பில் மாநிலத்தின் 7,08,002 பேரில் 3,31,726 பேர் அடிமைகள். தோட்ட மாளிகைகள் பல இன்று திருமண மண்டபங்களாக இருக்கின்றன. அடிமைகளின் வாழ்வையே மையமாகக் கொண்ட விட்னி தோட்ட அருங்காட்சியகம் 2014இல்தான் திறந்தது.

13. அடிமைமுறை ஒழிந்த பிறகாவது நிலைமை மாறியதா?

மாறிப் பிறகு மாற்றப்பட்டது. 1872இன் இறுதியில் பிஞ்ச்பேக் என்ற கறுப்பினத்தவர் சில வாரங்கள் ஆளுநராகவே இருந்தார். 1890இல் இரயில்பெட்டிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. அதை எதிர்த்து, 12ஆம் கேள்வியில் சொன்ன சுதந்திரச் சமூகத்தின் வழிவந்தவர்கள் ஒரு குழு அமைத்துத் திட்டமிட்டு வழக்கை உருவாக்கினர். பார்வைக்கு வெள்ளையராகவே தெரிந்த ஹோமர் ப்ளெஸ்ஸி, 1892 ஜூன் 7 அன்று வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து, தாம் யார் என்பதைச் சொல்லிக் கைதானார். 1896இல் உச்ச நீதிமன்றம் ‘பிரித்து வைத்தாலும் சமம்தான்’ என்று தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தென்மாநிலங்கள் அதன்மேல் நின்றன. 2022இல் ஆளுநர் ப்ளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கினார். யார் யாரை மன்னிப்பது என்று அன்று பலர் கேட்டது நியாயம்தான்.

வாக்குரிமையின் கதை எண்களிலேயே தெரியும். 1896இல் பதிவான கறுப்பின வாக்காளர்கள் சுமார் 1,30,000 பேர். எழுத்தறிவு, சொத்து ஆகிய நிபந்தனைகளுடன் 1898இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1904இல் பட்டியலில் மிஞ்சியவர்கள் 1,342 பேர். அதே 1898ஆம் ஆண்டில் வந்த இன்னொரு விதி, வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் ஜூரி உறுப்பினர்கள் ஒருமனதாக இல்லாவிட்டாலும் தண்டனை தரலாம் என்றது. 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் அது வருங்காலக் குற்றங்களுக்கு நீக்கப்பட்டது; 2020இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

14. ஹூயி லாங் நல்லவரா, கெட்டவரா?

1928 முதல் ஆளுநராகவும் பின்னர் செனட்டராகவும் இருந்த அவர் சாலைகளும் பாலங்களும் போட்டார். பள்ளிப்பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் தந்தார். 34 மாடித் தலைமைச் செயலகத்தை 1932இல் எழுப்பினார். அரசு ஊழியர்களின் ஊதியத்தில் கட்சிக்கென்று பிடித்தம் செய்ததும், எதிர்த்தவர்களின் உறவினரை வேலையிலிருந்து தூக்கியதும் அவரே. 1935 செப்டம்பரில் அதே கட்டடத்தின் தாழ்வாரத்தில் சுடப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். அதன் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டார். ஏழைகள் வீட்டில் அவர் படம் மாட்டியிருந்ததையும், படித்தவர்கள் சர்வாதிகாரி என்றதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த மாநில அரசியலின் நகைச்சுவைக்கு ஒரு சான்று: 1991 ஆளுநர் தேர்தலில், ஊழல் புகார்களுக்குப் பேர்போன எட்வின் எட்வர்ட்ஸ் ஒருபுறமும், வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் மறுபுறமும் நின்றனர். ‘திருடனுக்கே வாக்களியுங்கள், இது முக்கியம்’ என்று கார்களில் ஒட்டிக்கொண்டு மக்கள் எட்வர்ட்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

15. பிணங்களை ஏன் தரைக்குமேல் புதைக்கிறார்கள்?

தோண்டினால் தண்ணீர் வரும் என்பது பாதிக் காரணம். ஸ்பானிய, பிரெஞ்சுக் கல்லறை வழக்கம் மீதி. ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லறை. வெயிலில் அதன் உட்புறம் அடுப்பாகக் கொதிக்கும். ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின் எலும்புகளை உள்ளே தள்ளிவிட்டு அடுத்தவரை வைப்பார்கள். 1789இல் தொடங்கிய முதலாம் புனித லூயி கல்லறைத் தோட்டம் இம்முறையில் பழையது.

16. கடல்மட்டத்துக்குக் கீழே போய் யாராவது நகரம் கட்டுவார்களா?

கட்டவில்லை, கட்டிய பிறகு இறங்கியது. மிசிசிப்பி வெள்ளம் ஒவ்வொரு முறை கரைபுரளும்போதும் கனமான வண்டலைக் கரையோரமே போட்டுவிடும்; அதனால் ஆற்றங்கரை உயர்ந்தும், தள்ளிப் போகப்போக நிலம் தாழ்ந்தும் இருக்கும். 1718இல் பியன்வில் தேர்ந்தது அந்த உயர்ந்த விளிம்பை. இரண்டு நூற்றாண்டுகள் மக்கள் அங்கேயே நெருக்கிக்கொண்டு வாழ்ந்தனர்.

1913இல் பால்ட்வின் வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த பெரும் திருகு இறைப்பான்கள் பின்புறச் சதுப்பை வடித்தன. வீடுகள் அங்கே பரவின. நீரில் ஊறிய பஞ்சுபோன்ற மண் நீரை இழந்ததும் சுருங்கியது, காற்றுப்பட்டு மக்கியது. தரை ஆண்டுக்காண்டு தாழ்ந்தது. தாழத்தாழ இன்னும் இறைக்க வேண்டும். இறைக்க இறைக்க இன்னும் தாழும். இன்று நகரத்தில் ஏறத்தாழ பாதி கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு கிண்ணமாகக் கிடக்கிறது. மழை பெய்தாலும் அந்த நீரை இறைத்தே வெளியேற்ற வேண்டும்.

17. கத்ரீனா புயல் நகரத்தை அழித்தது இயற்கையின் செயல்தானே?

2005 ஆகஸ்ட் 29 அன்று புயலின் கண் நகரத்துக்குக் கிழக்கே கடந்துபோனது. நகரத்தில் 80 விழுக்காட்டை மூழ்கடித்தது, கால்வாய்களின் வெள்ளச் சுவர்களும் கரைகளும் உடைந்ததால் வந்த நீர். 17ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் ஆகியவற்றில் நீர் சுவரின் தலையைத் தொடுமுன்பே, அடிமண் வழுக்கிச் சுவர்கள் சாய்ந்தன. அவற்றை அமைத்த இராணுவப் பொறியாளர் படை, வடிவமைப்புக் குறைபாட்டை 2006இல் ஒப்புக்கொண்டது. ஆற்றின் கரை உடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 16ஆம் கேள்வியில் சொன்ன பழைய உயர்ந்த விளிம்பு, பிரெஞ்சுக் குடியிருப்பு உட்பட, பெரும்பாலும் தப்பியது.

தாழ்ந்த கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின மக்களில் பலர், கரையை வேண்டுமென்றே வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்று நம்பினர். அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அந்த ஐயத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1927 பெருவெள்ளத்தில், நகரத்து வங்கியாளர்களின் வற்புறுத்தலால் கெர்னார்வன் என்னுமிடத்தில் கரை உண்மையிலேயே வெடிவைத்து உடைக்கப்பட்டது. இரண்டு ஏழைப் பாரிஷ்கள் மூழ்கின. வாக்களித்த இழப்பீட்டில் மிகச் சிறு பகுதியே கிடைத்தது. மேற்புறத்தில் வேறு கரைகள் தாமாக உடைந்ததால், அந்த வெடிவைப்பு தேவைப்பட்டிருக்கவும் இல்லை.

18. மிசிசிப்பி ஆறு தடம்மாறப் பார்க்கிறது என்கிறார்களே, ஆறு எப்படி மாறும்?

இந்த மாநிலத்தின் தெற்குப் பகுதியே ஆறு சில ஆயிரம் ஆண்டுகளாக இடம்மாறி இடம்மாறி வண்டல் கொட்டி உண்டாக்கிய நிலம். ஒரு வழி நீண்டு மந்தமானதும் ஆறு குறுக்குவழி தேடும். இப்போதைய குறுக்குவழி அச்சஃபலாயா: கடலுக்குச் சுமார் 230 கிலோமீட்டர்; பழைய வழியில் ஏறத்தாழ 500. விட்டிருந்தால் ஆற்றின் பெரும்பகுதி எப்போதோ அந்தப் பக்கம் போயிருக்கும்; நியூ ஆர்லியன்ஸ், பேட்டன் ரூஜ் துறைமுகங்களும் ஆற்றோரத்து வேதியியல் ஆலைகளும் உப்புநீர்க் காயலில் நின்றிருக்கும்.

அதைத் தடுக்க 1963இல் ஓல்ட் ரிவர் என்னுமிடத்தில் மதகுகள் கட்டி, நீரில் 30 விழுக்காட்டுக்குமேல் அங்கே போகாமல் காக்கிறார்கள். 1973 வெள்ளத்தில் மதகின் அடியில் மண் அரித்துப் பெரும் பள்ளம் விழுந்தது. கட்டுமானம் மயிரிழையில் தப்பியது.

19. கரையோர நிலம் கரைந்துபோகிறது என்றால், ஆற்று வண்டலைத் திறந்துவிட்டால் போதாதா?

1932க்கும் 2016க்கும் இடையே ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் நீராகிவிட்டது. 1927க்குப் பின் உயர்த்திக் கட்டிய கரைகள் வண்டலைச் சதுப்புகளுக்குப் போகவிடாமல் ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டின. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய்கள் வழியே உப்புநீர் ஏறிப் புல்வேர்களைக் கொன்றது. கடல்மட்டமும் உயர்கிறது. திறந்துவிட்டால் நிலம் வளரும் என்பதற்குச் சாட்சி உண்டு: 1941இல் வெட்டிய வாக்ஸ் ஏரிக் கால்வாயின் முகத்தில், யாரும் திட்டமிடாமலேயே புதிய கழிமுகம் வளர்ந்துவருகிறது.

இதையே திட்டமிட்டுச் செய்ய, மிட்-பராடேரியா என்ற சுமார் 300 கோடி டாலர் திட்டத்தின் வேலை 2023இல் தொடங்கியது. நன்னீர் பாய்ந்தால் சிப்பி வளர்ப்பும் இறால் பிடிப்பும் அழியும் என்று மீனவர்கள் எதிர்த்தனர், செலவும் ஏறியது. 2025 ஜூலையில் மாநில அரசே திட்டத்தைக் கைவிட்டது. என்னைக் கேட்டால் அது பிழை. ஆனால் இன்றைய பிழைப்பைக் கொடுத்து ஐம்பது ஆண்டுக்குப் பிந்தைய நிலத்தை வாங்கச் சொன்னால், இறால் படகுக்காரர் மறுப்பதில் எனக்கு வியப்பில்லை.

20. அப்படியானால் அந்தக் காலணி வடிவ வரைபடம்?

மாநில எல்லையைக் காட்டும் கோடு அது, நிலத்தைக் காட்டுவதில்லை. நடக்கக்கூடிய தரையை மட்டும் வரைந்தால், காலணியின் அடிப்பாகம் கந்தலாகி, முன்புறம் கிழிந்து தொங்கும். அங்கே ஜீன் சார்ல்ஸ் தீவு என்று ஓர் ஊர். பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த அத்தீவு, 1955க்குப் பின் தன் நிலத்தில் 98 விழுக்காட்டை இழந்தது. 2016இல் ஒன்றிய அரசு ஒதுக்கிய 4.83 கோடி டாலர் நிதியில், 2022 முதல் பெரும்பாலோர் வடக்கே மேட்டுநிலத்தில் புதிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

ஆறு கடலில் சேரும் பிளாக்குமின்ஸ் பாரிஷில் 2011க்குப் பின் 30க்கும் மேற்பட்ட இடப்பெயர்களைக் கடல்சார் வரைபடங்களிலிருந்து அரசு நீக்கியிருக்கிறது. எல்லோ காட்டன் விரிகுடா அவற்றில் ஒன்று. விரிகுடா என்றால் சுற்றிலும் கரை வேண்டும். அந்தக் கரை போய்விட்டது.